நர்சிங்குக்கு எந்த வாசலில் நிற்பது?

வார இறுதியில் பிள்ளைகளைத் தமிழ்ப் பள்ளியில் விட்டுவிட்டு, மறுபடி கூப்பிட்டுப் போகும் வரை அம்மாக்கள் பார்க்கிங்கில் நின்று பேசுவது எங்கள் ஊர் வழக்கம். நான் நர்ஸ் என்று தெரிந்ததிலிருந்து வருடத்துக்கு நாலைந்து பேராவது என்னிடம் ஒரே கேள்வியோடு வருகிறார்கள். போன மாதம் வந்தவள் திருச்சிக்காரி. பி.எஸ்ஸி. மைக்ரோபயாலஜி, முப்பத்துமூன்று வயது, இரண்டு பிள்ளைகள், கலிஃபோர்னியாவின் ஃப்ரீமான்ட்டில் வாடகை வீடு. "அக்கா, நர்சிங் சேரலாம்னு இருக்கேன். கம்யூனிட்டி காலேஜ் போதுமா, யூனிவர்சிட்டிலதான் படிக்கணுமா? ஒரே வருஷத்துல முடிக்கிற கோர்ஸ் வேற இருக்காமே?"

நின்றபடி சொல்லி முடிக்கிற பதில் இல்லை இது. அதனால்தான் எழுதுகிறேன். நான் கம்யூனிட்டி காலேஜில் படித்து வந்தவள்; என் தராசு அந்தப் பக்கம் கொஞ்சம் சாயும், தெரிந்தே படியுங்கள். இன்னொன்று, ஊரிலேயே ஜி.என்.எம். அல்லது பி.எஸ்ஸி. நர்சிங் முடித்தவர்களுக்கு இது பொருந்தாது. அவர்கள் மறுபடி முதலிலிருந்து படிக்க வேண்டியதில்லை. படித்த கல்லூரியிலிருந்தே மாநில நர்சிங் வாரியத்துக்குச் சான்றிதழ்களை அனுப்பச் செய்து, வாரியம் ஏதாவது குறை சொன்னால் அந்தப் பாடத்தை மட்டும் ஈடுகட்டி, உரிமத் தேர்வு எழுதினால் போதும். கீழே உள்ளது வேறு துறையிலிருந்து வருகிறவர்களுக்கு. கணக்கெல்லாம் கலிஃபோர்னியாக் கணக்கு.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். கம்யூனிட்டி காலேஜில் கிடைப்பது ஏ.டி.என். என்ற இரண்டு வருட அசோசியேட் பட்டம். யூனிவர்சிட்டியில் கிடைப்பது பி.எஸ்.என். என்ற நான்கு வருட இளங்கலை. இரண்டு பேரும் எழுதுவது என்க்ளெக்ஸ் என்ற ஒரே உரிமத் தேர்வு, வாங்குவது ஆர்.என். (பதிவு பெற்ற நர்ஸ்) என்ற ஒரே உரிமம். உரிமத்தில் யார் எங்கே படித்தார் என்று இருக்காது. நாம் சரியாகப் பதில் சொல்லச் சொல்ல அடுத்த கேள்வியைக் கடினமாக்கிக்கொண்டே போகும் கம்ப்யூட்டர் தேர்வு அது; குறைந்தது 85 கேள்வி, அதிகபட்சம் 150. எனக்கு 85-லேயே திரை அணைந்துவிட்டது. பாஸா ஃபெயிலா தெரியாமல் இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை.

இந்த இரண்டு வருடப் படிப்பைத் தரம் குறைந்த ஒன்றாக நம்மவர்கள் நினைப்பதுண்டு. பாலிடெக்னிக், இன்ஜினியரிங் வித்தியாசம் மாதிரி ஒரு கற்பனை. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அமெரிக்க மருத்துவமனைகள் நர்ஸ் கிடைக்காமல் திண்டாடியபோது, கொலம்பியா பல்கலைக்கழக டீச்சர்ஸ் காலேஜில் ஆய்வு செய்த மில்ட்ரெட் மான்டாக் 1951-இல் முன்வைத்த யோசனை அது. அதுவரை பெரும்பாலும் மருத்துவமனைகளே மூன்று வருடம் வைத்துப் பயிற்சி கொடுத்தன. பயிற்சி என்ற பெயரில் சம்பளமில்லாத வேலையும் வாங்கின. படிப்பைக் கல்லூரிக்குள் கொண்டுவந்தால் இரண்டு வருடத்தில் முடித்துவிடலாம் என்றார் அவர். 1952-இல் ஏழு கல்லூரிகளிலும் ஒரு மருத்துவமனையிலும் சோதனை தொடங்கியது. இன்று நாடு முழுக்கக் கம்யூனிட்டி காலேஜ்களில் இது இருக்கிறது. சான் ஃபிரான்சிஸ்கோவைச் சுற்றியுள்ள பே ஏரியாவில் டி ஆன்சா, ஓலோனி, சாபோட், எவர்கிரீன் வேலி எல்லாமே இந்த ஏ.டி.என். நடத்துகிறவைதான்.

சரி, பணம். கலிஃபோர்னியாவில் குடியிருப்புத் தகுதி உள்ளவருக்குக் கம்யூனிட்டி காலேஜ் கட்டணம் ஒரு யூனிட்டுக்கு (பாடத்தின் அளவைக் கணக்கிடும் அலகு) 46 டாலர். 2012-லிருந்து அதே 46. நர்சிங்குக்கு முன் முடிக்க வேண்டிய பாடங்கள், நர்சிங் பாடங்கள் எல்லாம் சேர்த்து 75 யூனிட் என்று வைத்தால் 3,450 டாலர். புத்தகம், சீருடை, ஸ்டெதஸ்கோப், தடுப்பூசிகள், பின்னணிச் சோதனை, போதைமருந்துச் சோதனை, சி.பி.ஆர். அட்டை என்று சில்லறையாகக் கழன்றதையும் சேர்த்து எனக்கு ஒன்பதாயிரத்துக்குள் முடிந்தது. ஸான் ஹோசே ஸ்டேட் மாதிரி மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஒரு வருடத்துக்கே கட்டணம் மட்டும் எட்டாயிரத்துக்கு மேல் வரும். தனியார் பல்கலைக்கழகங்களின் துரிதப் படிப்பு அறுபதாயிரத்தில் தொடங்கி லட்சத்தைத் தாண்டுகிறது. இதை மட்டும் பார்த்தால் யோசிக்கவே ஒன்றுமில்லை, கம்யூனிட்டி காலேஜ்தான்.

ஆனால் அங்கே பணத்தில் மிச்சமாவதைக் காலத்தில் கட்ட வேண்டும்.

"ரெண்டு வருஷம்தானே அக்கா" என்றாள் திருச்சிக்காரி. அந்த இரண்டு வருடம் சீட் கிடைத்த பிறகுதான் தொடங்குகிறது. அதற்கு முன் அனாட்டமி, ஃபிசியாலஜி, மைக்ரோபயாலஜி மூன்றையும் லேபோடு முடிக்க வேண்டும். ஆங்கிலக் கட்டுரை, புள்ளியியல், உளவியல் தனி. அனாட்டமி முடிக்காமல் ஃபிசியாலஜி எடுக்க முடியாது, கெமிஸ்ட்ரி முடிக்காமல் அதுவும் முடியாது என்று ஒன்றுக்குப் பின் ஒன்றாகச் சங்கிலி போட்டு வைத்திருப்பார்கள். வீட்டையும் பார்த்துக்கொண்டு செமஸ்டருக்கு இரண்டு பாடம் எடுத்தால் இதற்கே இரண்டு வருடம். இந்தியாவில் படித்த பயாலஜி கை கொடுக்காதா? பெரும்பாலும் கொடுக்காது. பல கல்லூரிகள் அறிவியல் பாடங்களை ஐந்து அல்லது ஏழு வருடத்துக்குள் படித்திருக்க வேண்டும் என்கின்றன. வெளிநாட்டு லேப் பாடத்தை ஏற்காதவையும் உண்டு. நான் விண்ணப்பித்த ஒரு கல்லூரியின் ஆலோசகர் என் சென்னை மதிப்பெண் பட்டியலைப் பார்த்து "இது செல்லும்" என்றார். ஒரு செமஸ்டர் கழித்து நர்சிங் துறையில் "செல்லாது" என்றார்கள். அதன் பிறகு எதையும் மின்னஞ்சலில் எழுதி வாங்காமல் நம்பியதில்லை.

பாடங்களை முடித்த பிறகு சீட். ஒரு கல்லூரி ஒரு தடவை எடுப்பது முப்பது, நாற்பது பேர். விண்ணப்பம் நூற்றுக்கணக்கில் வரும். நாட்டில் நர்ஸ் பற்றாக்குறை என்று செய்தி வந்துகொண்டே இருக்கும்போது சீட்டை ஏன் கூட்டவில்லை என்று எனக்கும் கோபம் வந்ததுண்டு. சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. நோயாளி பக்கத்தில் நின்று சம்பாதிப்பதைவிட வகுப்பறையில் சம்பளம் குறைவு என்றால் யார் வருவார்கள்? மாணவர்களைப் பயிற்சிக்கு விடும் மருத்துவமனை வார்டுகளுக்கும் கல்லூரிகளுக்குள் அடிதடி.

கூட்டத்திலிருந்து ஆளைப் பொறுக்குவதற்கு ஒரு புள்ளிக் கணக்கு இருக்கிறது. சில இடங்களில் குலுக்கல். இந்தப் பகுதியை மட்டும் நிதானமாகப் படியுங்கள், நம்மவர்கள் கோட்டைவிடுவது இங்கேதான்.

பெரும் பங்கு அறிவியல் பாட மதிப்பெண்ணுக்கு. ஒரு பாடத்தில் தவறி மறுபடி எடுத்தால் பல கல்லூரிகளில் அதற்கே புள்ளி குறையும். ஆகவே செமஸ்டர் நடுவில் தள்ளாடினால் இழுத்துப் பிடித்து சி கிரேடு வாங்குவதா, கெடு தேதிக்குள் விலகிவிடுவதா என்று அந்தக் கல்லூரியின் விதியைப் பார்த்து முடிவெடுக்க வேண்டும். அடுத்தது டீஸ் என்ற நுழைவுத் தேர்வு: வாசிப்பு, கணக்கு, அறிவியல், ஆங்கிலம் என நான்கு பகுதி, 170 கேள்வி, 209 நிமிடம். கலிஃபோர்னியாக் கம்யூனிட்டி காலேஜ்களில் தேர்ச்சிக்கு 62 சதவீதம். 62 தேர்ச்சி மட்டும்தான், சீட் அதைவிட நிறைய மேலே இருக்கிறது. நான் முதல் தடவை 78 வாங்கிக்கொண்டு குஷியாக விண்ணப்பித்தேன். பதில் வந்தது 'வருந்துகிறோம்' என்று. சில கல்லூரிகள் முதல் முறை எழுதிய மதிப்பெண்ணை மட்டுமே எடுத்துக்கொள்ளும். "சும்மா ஒரு தடவை எழுதிப் பார்க்கிறேன்" என்ற விளையாட்டு வேண்டாம்.

மிச்சப் புள்ளிகள்தான் சுவாரசியம். ஏற்கனவே ஒரு பட்டம் இருந்தால் புள்ளி. மருத்துவத் துறையில் வேலை அல்லது தொண்டு செய்திருந்தால் புள்ளி. குறைந்த வருமானம், குடும்பத்தில் முதல் பட்டதாரி, வேலை செய்துகொண்டே படிக்க வேண்டிய நிலை, அகதி, முன்னாள் ராணுவத்தினர் போன்ற வாழ்க்கைச் சூழலுக்குப் புள்ளி. அப்புறம், ஆங்கிலம் அல்லாத இன்னொரு மொழி தெரிந்தால் புள்ளி. அந்த மொழிகளுக்கு எடுத்துக்காட்டாக மாநிலக் கல்விச் சட்டம் தரும் பட்டியலில் ஸ்பானிஷ், சீனம், தகாலோகுடன் "இந்தியத் துணைக்கண்டத்தின் பல்வேறு மொழிகள்" என்றும் இருக்கிறது. அதாவது தமிழும் வரும். எப்படி நிரூபிப்பது என்பது கல்லூரிக்குக் கல்லூரி மாறும்; சிலர் பள்ளி மதிப்பெண் பட்டியல் கேட்பார்கள். பன்னிரண்டாம் வகுப்பில் தமிழ் எடுத்திருந்தால் அந்தச் சான்றிதழைத் தேடி எடுத்து வையுங்கள். இரண்டாம் முறை நான் வேறொரு கல்லூரியில் சீட் வாங்கியபோது கட்-ஆஃபுக்கும் எனக்கும் இருந்த இடைவெளி, தமிழுக்குக் கிடைத்த புள்ளியைவிடச் சிறியது. பிளஸ் டூவில் எனக்குத் தமிழ் நடத்திய டீச்சருக்கு இந்தக் கதை தெரிந்தால் சிரிப்பார்.

கூட்டிப் பாருங்கள். முன்பாடங்களுக்கு இரண்டு வருடம், சீட்டுக்காக ஒன்று, படிப்பு இரண்டு, ஆக ஐந்து. என் பயணம் ஐந்தரை வருடம். இரண்டு வருடப் படிப்பு!

பி.எஸ்.என். பக்கம் போவோம். பதினெட்டு வயதுப் பிள்ளைக்கு நான் கண்ணை மூடிக்கொண்டு இதைத்தான் சொல்வேன். எப்படியும் நான்கு வருடம் படிக்கப் போகிற வயசு. ஏற்கனவே பட்டம் வாங்கியவர்களுக்கு இந்த வாசல் குறுகல். மாநிலப் பல்கலைக்கழகங்கள் இரண்டாவது இளங்கலைக்கு ஆள் எடுப்பதில் கட்டுப்பாடு வைத்திருக்கின்றன. பெல் என்ற மத்திய அரசு உதவித்தொகையும் ஏற்கனவே இளங்கலை முடித்தவருக்குக் கிடையாது, அந்தப் பட்டம் திருச்சியில் வாங்கியதாக இருந்தாலும். கம்யூனிட்டி காலேஜில் அந்த 46 டாலரைத் தள்ளுபடி செய்யும் மாநிலச் சலுகைக்கு அந்தத் தடை இல்லை, வருமானத்தைத்தான் பார்க்கும்.

பி.எஸ்.என். இல்லாவிட்டால் என்ன குறை? சான் ஃபிரான்சிஸ்கோ முதல் ஸான் ஹோசே வரையுள்ள பெரிய மருத்துவமனைகள் புதிதாக வருகிறவர்களை எடுக்கும்போது பி.எஸ்.என். இருந்தால் முன்னுரிமை என்று போட்டுவிடுகிறார்கள். இது விளம்பரப் பேச்சு இல்லை, என் வகுப்பில் நேரில் பார்த்தது. ஏ.டி.என். முடித்ததும் எங்களில் பாதிப் பேர் முதியோர் பராமரிப்பு இல்லங்களிலும், மாநிலத்தின் உட்பகுதியான சென்ட்ரல் வேலி மருத்துவமனைகளிலும்தான் தொடங்கினோம். பள்ளி நர்ஸ், பொதுச் சுகாதார நர்ஸ் இரண்டுக்கும் கலிஃபோர்னியாவில் இளங்கலைப் பட்டம் வேண்டும். நியூயார்க்கில் 2017 சட்டப்படி, புதிதாக உரிமம் வாங்குகிறவர் பத்து வருடத்துக்குள் பி.எஸ்.என். முடித்தாக வேண்டும். காற்று அந்தப் பக்கம்தான் வீசுகிறது.

ஆனால் ஏ.டி.என். முடித்து, உரிமம் வாங்கி, வேலையிலும் சேர்ந்த பிறகு ஆன்லைனில் ஒன்று, ஒன்றரை வருடத்தில் பி.எஸ்.என். ஆக்கிக்கொள்ள வழி இருக்கிறது. பல மருத்துவமனைகள் அதற்குப் பணமும் கொடுக்கும். கம்யூனிட்டி காலேஜில் படிக்கும்போதே மாநிலப் பல்கலைக்கழகத்திலும் பதிந்து இரண்டையும் சேர்த்து முடிக்கும் இணைப்புத் திட்டங்களும் உண்டு. உங்கள் கல்லூரிக்கு அது இருக்கிறதா என்று முதல் நாளே கேளுங்கள். ஃப்ளோரிடாவில் மயாமி டேட் போன்ற கல்லூரிகளே பி.எஸ்.என். தருகின்றன. இங்கேயும் அப்படி ஒரு முன்னோடித் திட்டத்துக்குச் சட்டமன்றம் ஒப்புக்கொண்டு அனுப்பியதை, 2024 செப்டம்பரில் ஆளுநர் நியூசம் கையெழுத்துப் போடாமல் திருப்பிவிட்டார். போகட்டும்.

ஒரே வருடப் படிப்பு என்று அவள் கேட்டது ஏ.பி.எஸ்.என். வேறு துறையில் பட்டம் வாங்கியவர்களுக்கு 12 முதல் 18 மாதத்தில் பி.எஸ்.என். இதிலும் முன்பாடங்கள் உண்டு, அதை யாரும் முதலில் சொல்வதில்லை. பணம் இருக்கிறது, வீட்டில் பிள்ளைகளைப் பார்க்க அம்மாவோ மாமியாரோ ஆறு மாதத்துக்கு ஒருவராக வந்து இருப்பார்கள் என்றால் இதில் தப்பே இல்லை. கணக்கும் அவ்வளவு மோசமில்லை. 2023 மே மாத அரசுப் புள்ளிவிவரப்படி கலிஃபோர்னியாவில் ஆர்.என். சராசரி ஆண்டு ஊதியம் 1,37,690 டாலர். இரண்டு வருடம் முன்னதாக வேலைக்குப் போனால் லட்ச ரூபாய், தப்பு, லட்ச டாலர் கட்டணத்தை எடுத்துவிடலாம். ஆனால் அந்தப் பன்னிரண்டு மாதம் வேறு எதுவும் செய்ய முடியாது. இடையில் ஒரு பாடத்தில் தோற்றால் கட்டிய பணத்தோடு நிற்க வேண்டியதுதான். கடன் வாங்கிச் சேருவதை நான் சொல்ல மாட்டேன்.

எல்.வி.என். என்ற கீழ்நிலை உரிமம் எடுத்துப் படிப்படியாக ஏறுவது இன்னொரு வழி. ஒன்று, ஒன்றரை வருடப் படிப்பு. சம்பளம் உடனே வேண்டும் என்பவருக்குச் சரி, ஆர்.என்.தான் இலக்கு என்றால் சுற்றுவழி. அதைவிட சி.என்.ஏ. என்ற நர்ஸ் உதவியாளர் பயிற்சியை எல்லோருக்குமே சொல்வேன். இந்த மாநிலத்தில் 160 மணி நேரம், இரண்டு மூன்று மாதத்தில் முடிந்துவிடும். புள்ளிக்கும் ஆகும். முதியவர் ஒருவருக்கு மலம் துடைத்து, புரட்டிப் படுக்க வைத்து, படுக்கை விரிப்பு மாற்றும்போது 'இது எனக்கு ஆகுமா' என்ற கேள்விக்கும் விடை கிடைத்துவிடும். என்னோடு சி.என்.ஏ. படித்த இருவர் அங்கேயே நின்றுவிட்டார்கள். அனாட்டமிக்கு இரண்டு வருடம் கொட்டியபின் தெரிவதைவிட அது மேல்.

இதுவரை சொன்ன எல்லாவற்றையும் புரட்டிப்போடக் கூடியது விசா. கிரீன் கார்டோ குடியுரிமையோ உள்ளவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடலாம். எச்-4-இல், அதாவது எச்-1பி வேலை விசாவில் இருப்பவரின் துணைவருக்கான விசாவில், இருக்கிறவர் படிக்கலாம், தடையில்லை. கலிஃபோர்னியாவில் ஒரு வருடமும் ஒரு நாளும் வாழ்ந்து, இங்கேயே இருக்கும் நோக்கத்தைக் காட்டினால் 46 டாலர் கட்டணமும் கிடைக்கும். இல்லையென்றால் யூனிட்டுக்கு முந்நூறு டாலருக்கு மேல் கூடுதல். சமூகப் பாதுகாப்பு எண் இல்லையென்றாலும் மாநில நர்சிங் வாரியம் வரிக்கு வாங்கும் ஐ.டி.ஐ.என். எண்ணை ஏற்கிறது. ஆக உரிமம் வரை போய்விடலாம். வேலை? எச்-4-க்கு வேலை அனுமதி, துணைவருக்கு ஐ-140 என்ற கிரீன் கார்டு மனு ஒப்புதல் ஆகியிருந்தாலோ ஆறு வருடத்தைத் தாண்டி எச்-1பி நீட்டிப்பு வாங்கியிருந்தாலோதான், 2015-இல் வந்த விதிப்படி. "அது இல்லாட்டா ஆஸ்பத்திரியே எச்-1பி போடாதா அக்கா?" என்று கேட்பார்கள். சாதாரண ஆர்.என். வேலைக்கு எச்-1பி கிடைப்பது கடினம். ஏன் தெரியுமா? இளங்கலைப் பட்டம் கட்டாயமாக வேண்டிய வேலைக்குத்தான் அந்த விசா, ஏ.டி.என். இருந்தாலே நர்ஸ் ஆகலாம் என்பதால் அந்த வாதம் நிற்பதில்லை. நமக்குக் கதவைத் திறந்த அதே படிப்பு இந்தக் கதவை மூடுகிறது. நர்ஸுக்குக் கிரீன் கார்டில் ஒரு படி குறைவு, தொழிலாளர் துறைச் சான்று தேவையில்லை. ஆனால் இந்தியாவில் பிறந்தவருக்கு வரிசை பத்து வருடத்துக்கு மேல். எஃப்-1 என்ற மாணவர் விசாவுக்கு மாறினால் படிப்புக்குப் பின் ஒரு வருடம் வேலை செய்யலாம். ஆனால் வெளியாள் கட்டணம், அதோடு சில கல்லூரிகள் எஃப்-1 மாணவரை நர்சிங்கில் எடுப்பதே இல்லை. உங்கள் வீட்டில் ஐ-140 எந்த நிலையில் இருக்கிறது என்பதைக் குடியேற்ற வழக்கறிஞரிடம் உட்கார்ந்து பேசிய பிறகே அனாட்டமிக்குப் பதியுங்கள்.

குறுக்குவழிக்காரர்களும் இருப்பார்கள். காத்திருப்பில் களைத்தவர்களைக் குறிவைத்தே லாப நோக்கக் கல்லூரிகள் பேருந்திலும் ஃபேஸ்புக்கிலும் விளம்பரம் செய்கின்றன. ஐ.டி.டி. டெக் என்ற அப்படியொரு கல்லூரிச் சங்கிலி 2016 செப்டம்பரில் ஒரே நாளில் மூடப்பட்டபோது நடுத்தெருவில் நின்றவர்களில் நர்சிங் மாணவர்களும் இருந்தார்கள். 2023 ஜனவரியில் ஃப்ளோரிடாவில் சுமார் 7,600 போலி நர்சிங் டிப்ளோமாக்கள் விற்கப்பட்டது அம்பலமானது. பணம் கட்டும் முன் இரண்டே சோதனை: மாநில வாரியத்தின் இணையதளத்தில் அந்தக் கல்லூரியின் பெயரும் என்க்ளெக்ஸ் தேர்ச்சி விகிதமும் இருக்கிறதா, அது 75 சதவீதத்துக்கு மேலா என்று பாருங்கள். அப்புறம் ஏ.சி.ஈ.என். போன்ற தேசிய அங்கீகாரம் இருக்கிறதா என்று பாருங்கள், பின்னால் பி.எஸ்.என். சேரும்போது அது உதவும்.

திருச்சிக்காரிக்கு என்ன சொன்னேன்? அவள் கணவருக்கு ஐ-140 ஆகிவிட்டது, அவள் கையில் வேலை அனுமதி இருக்கிறது. கையிருப்பு அதிகமில்லை. சின்னவன் கின்டர்கார்டன். அதனால் கம்யூனிட்டி காலேஜ். ஆனால் ஒன்றுக்கு மட்டும் இல்லை, காரில் ஒரு மணி நேரத்துக்குள் போகக் கூடிய நாலு கல்லூரிகளுக்கு. முன்பாடங்கள் எல்லா வாசலுக்கும் பொதுவானவை என்பதால் முதல் இரண்டு வருடம் வீணாகாது. இரண்டு முறை விண்ணப்பித்தும் சீட் இல்லையென்றால் அப்போது ஏ.பி.எஸ்.என். பற்றி வீட்டில் பேசலாம். இடையில் ஒரு கோடையில் சி.என்.ஏ.

போன வாரம் மறுபடி பார்க்கிங்கில் பிடித்தாள். அனாட்டமி வகுப்பு நிரம்பிவிட்டதாம், காத்திருப்போர் பட்டியலில் பதினொன்றாவது. "அடுத்த செமஸ்டர் பாத்துக்கலாமா அக்கா?" என்றாள். முதல் நாள் புத்தகத்தோடு போய் வகுப்பில் உட்காரச் சொன்னேன். எலும்புகளின் பட்டியலைப் பார்த்ததுமே சிலர் காணாமல் போவார்கள். ஆசிரியர் அந்த இடங்களுக்கு வகுப்பில் உட்கார்ந்திருப்பவர்களுக்குத்தான் ஆட் கோட் (வகுப்பில் சேர அனுமதி எண்) கொடுப்பார். எனக்கும் அப்படித்தான் கிடைத்தது. நான் அப்போது பதினான்காவது.